மழை விட்ட பிறகும் சுவர் ஏன் நனைகிறது?

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கும் மேலகரத்துக்கு இரண்டு மழை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குச் சாரல். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. அஸ்திவாரத்தைச் சுற்றிய மண் நன்றாகக் காய அவகாசம் குறைவு. அதனால் கூரை ஒழுகாத வீட்டிலும் சுவரின் அடிப்பகுதி ஓதம் காக்கிறது.

நீர் எப்படி மேலே ஏறுகிறது? செங்கல்லிலும் காரையிலும் நுண்துளைகள் உண்டு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அவற்றில் நீர் ஏறும். துளை சிறுத்தால் ஏற்றம் கூடும்: 1 மி.மீ. ஆரமுள்ள கண்ணாடிக் குழாயில் சுமார் 1.5 செ.மீ.; 0.1 மி.மீ. என்றால் 15 செ.மீ. கூடவே மண்ணின் உப்பும் வருகிறது. நீர் ஆவியானதும் உப்பு பூச்சுக்கு அடியில் படிகமாகிப் பருக்கிறது. சுவர் வெள்ளை மாவாய்ப் பூத்து, பெயின்ட் செதில் செதிலாக உதிர்வது அதனால்தான்.

தரையும் சுவரும் சேரும் மூலையில் நீர் கசிந்து ஓடினால் காரணம் வேறு. அது அழுத்தம். 1 மீட்டர் உயரம் தேங்கிய நீர், அடியில் சதுர மீட்டருக்குச் சுமார் 1 டன் எடையளவு விசையுடன் அழுத்தும்.

உள்பக்கம் சிமென்ட் பூசி மறைப்பது தீர்வே அல்ல. ஆவியாக வழியில்லாத நீர் இன்னும் மேலே ஏறும். முதலில் வெளியே பாருங்கள். மாடித் தண்ணீர் சுவரோரம் விழாமல் குழாய் வழியே தள்ளிவிடுங்கள். சுவரை ஒட்டிய தரைக்கு வெளிப்புறமாக வாட்டம் கொடுங்கள். மேட்டிலிருந்து வரும் நீரை ஜல்லி நிரப்பிய கால்வாய் மறிக்கும். புதிதாகக் கட்டுகிறவர்கள், பேஸ்மட்டத்தின் மேல் போடும் ஓதத்தடுப்புக் கான்கிரீட் பட்டையைச் செலவு பார்த்து விட்டுவிடாதீர்கள்; கட்டி முடித்த பிறகு அதைச் செருக ஆகும் செலவு பல மடங்கு.