இராமேஸ்வரம்: தீவும் திருவிழாக்களும்

வடக்கே குடியேறியிருக்கும் நம்மவர்களிடம் அண்டை வீட்டார் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இராமேஸ்வரம் போயிருக்கிறீர்களா?" ஆமாம் என்றால் அடுத்தடுத்துக் கேள்விகள் கிளம்பும். எந்த மாதம் போவது நல்லது? கங்கா ஜலத்தை என்ன செய்வது? இருபத்திரண்டு தீர்த்தம் எதற்கு? நம்மில் பலருக்கு விடை தெரியாது. மதுரைக்குப் போன கையோடு அரை நாள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களே அதிகம். அவர்களுக்காகத்தான் இக்கட்டுரை.

முதலில் யாத்திரையின் முறை. காசிக்குப் போய்விட்டு இராமேஸ்வரம் வருவதோடு கடமை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பழைய முறைப்படி யாத்திரை தொடங்குவதே இங்கேதான். சேதுவில் நீராடி, அங்கே மணல் எடுத்து, அதைப் பிரயாகையில் திரிவேணியில் கரைத்துவிட்டு, கங்கை நீரைக் கொண்டுவந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்ய வேண்டும். தெற்கும் வடக்கும் ஒன்றுக்கொன்று கடன்பட்டது போன்ற ஏற்பாடு! கருவறையில் பூஜை செய்பவர்களும் மகாராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறிய அந்தணர் மரபினரே. சிருங்கேரி மடத்தில் தீட்சை பெற்ற பிறகே அவர்கள் மூலவரைத் தொடலாம் என்பது வழக்கம். ஊரை விட்டு வந்து இன்னோர் ஊரில் வேரூன்றுவது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல.

இனி தீர்த்தங்கள். கடலான அக்னி தீர்த்தத்தில் முழுகிவிட்டு ஈரத்துணியோடு கோயிலுக்குள் சென்று 22 தீர்த்தங்களிலும் நீராடுவது முறை. பெரும்பாலானவை கிணறுகள். பணியாளர் கிணற்று விளிம்பில் நின்று வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுவார். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, இந்தக் கிணறுகளில் நல்ல தண்ணீர் எப்படி என்று எல்லோரும் வியப்பார்கள். பொறியியல் படித்தவன் என்ற முறையில் இதற்குச் சற்று விளக்கம் சொல்லத் தோன்றுகிறது.

தீவு மணற்பாங்கானது. பெய்கிற மழை மணலில் இறங்குகிறது. நன்னீரைவிடக் கடல்நீர் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு கனம் கூடியது. ஆகவே நன்னீர், உப்புநீரின் மேல் எண்ணெய் போல மிதந்து நிற்கிறது. கணக்குப்படி, நிலத்தடி நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும். வாளியால் மேலாக இறைக்கும் வரை இந்த நிலை கெடாது. மோட்டார் வைத்து அளவுக்கு மீறி உறிஞ்சினால் அடியிலிருந்து உப்பு மேலேறிவிடும். ஒருமுறை ஏறிய உப்பை இறக்குவது எளிதல்ல. தீர்த்தத்தின் புனிதம் என்று பெரியவர்கள் சொன்னதில் இந்தக் கட்டுப்பாடும் அடங்கியிருந்தது என்பது என் எண்ணம்.

ஊர் இரவெல்லாம் விழித்திருப்பது மாசி மாத மகா சிவராத்திரிக்கு. அதைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வைகாசி, ஆனி வாக்கில் வரும் இராமலிங்கப் பிரதிஷ்டை விழாதான் வேறெங்கும் காணக் கிடைக்காதது. முதல் நாள் இராவண சம்ஹாரம். மறுநாள் தனுஷ்கோடி வழியில் உள்ள கோதண்டராமர் கோயிலில் விபீஷணர் பட்டாபிஷேகம். மூன்றாம் நாள் லிங்கப் பிரதிஷ்டை. கைலாயத்திலிருந்து லிங்கம் கொண்டுவர அனுமன் தாமதித்ததும், சீதை மணலால் பிடித்ததும், அனுமனின் மனம் நோகாதிருக்க அவர் கொண்டுவந்த விசுவலிங்கத்துக்கே முதல் பூஜை என்று இராமர் வைத்ததும் நாம் அறிந்த கதை. அந்த வரிசை இன்றும் மாறவில்லை. தாமதமாக வந்தவருக்கு முதல் மரியாதை தரும் கோயில் வேறு உண்டா!

ஆடித் திருக்கல்யாண விழா 17 நாட்கள். ஆடி அமாவாசையன்று அக்னி தீர்த்தத்தில் தீர்த்தவாரி; முன்னோருக்குத் தர்ப்பணம் செய்ய வருவோரால் தீவு நிரம்பிவிடும். இங்கே ஓர் எச்சரிக்கை. சுவாமியும் அம்பாளும் இராமர் பாதத்துக்கு எழுந்தருளும் நாளில், அவர்கள் திரும்பும் வரை கோயில் நடை சாத்தியிருக்கும். இரண்டாயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து வந்தவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துத் திகைப்பது ஆண்டுதோறும் நடக்கிறது. டிக்கெட் எடுக்குமுன் பஞ்சாங்கத்தைப் பார்த்து, கோயில் அலுவலகத்திலும் விசாரித்துவிடுங்கள்.

கோயில் என்றால் அர்ச்சகர் மட்டும் அல்ல. சீதாராமர் கல்யாண உற்சவத்தில் இராம தீர்த்தக் குளத்தின் நடுவே உள்ள மண்டபத்துக்கு மூர்த்திகளை ஏற்றிச் செல்லும் படகுகளைத் தம் குடும்பத்தார்தாம் ஏற்பாடு செய்வார்கள் என்று அப்துல் கலாம் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கல்லுக்கும் இதே கதைதான். மூன்றாம் பிராகாரத்தின் 1212 தூண்களுக்கும் தீவில் கல் கிடையாது. பாலம் இல்லாத 18ஆம் நூற்றாண்டில், சேதுபதி மன்னர்கள் காலத்தில், அத்தனையும் கடல் தாண்டி வந்தவை. பாரம் ஏற்றி இறக்கும் தொழிலோடு வாழ்ந்த எனக்கு, அந்தப் பிராகாரத்தில் நடக்கும்போதெல்லாம் சிற்பத்தைவிட இதுவே மலைப்பாக இருக்கும்.

பாம்பன் இரயில் பாலம் 1914இல் திறந்தது. அதன்பின் யாத்திரிகர் தனுஷ்கோடி வரை இரயிலிலேயே போய் நீராடினார்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில், பாம்பனிலிருந்து சென்ற பாசஞ்சர் வண்டி பயணிகளோடு கடலுக்குள் போயிற்று, ஊரும் போயிற்று. பாலத்தை 46 நாட்களில் சீர்செய்தார்கள். தனுஷ்கோடிக்கு மட்டும் தண்டவாளம் திரும்பவே இல்லை. கோதண்டராமர் கோயில் அந்தப் புயலிலும் நின்றது. பட்டாபிஷேக விழா அங்கேதான் தொடர்கிறது. சேதுவில் நீராட மணலில் வண்டி பிடித்துப் போன காலம் மாறி, 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்தது. பழைய பாலம் உப்புக் காற்றில் நலிந்து 2022 டிசம்பரில் இரயில் நின்றபோது, மண்டபத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. 2025 ஏப்ரல் 6, இராமநவமியன்று, செங்குத்தாக மேலெழும் தூக்குப் பகுதியுடன் புதிய பாலம் திறக்கப்பட்டது. இப்போது மீண்டும் இரயிலிலேயே தீவுக்குள் போகலாம்.

போகிறவர்கள் வெள்ளிக்கிழமை மாலையை அங்கே கழியுங்கள். பர்வதவர்த்தினி அம்பாள் தங்கப் பல்லக்கில் பிராகாரம் வலம் வருவாள். மறுநாள் விடியற்காலை 5 மணிவாக்கில் ஸ்படிக லிங்க தரிசனம். கங்கா ஜலம் கொண்டு செல்வோர் அபிஷேகத்துக்குக் கோயில் அலுவலகத்தில் முன்னதாகச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மாற்றுத் துணி இரண்டு செட் வேண்டும். ஈரத்தோடு சந்நிதிக்குள் விடமாட்டார்கள்.