மார்பில் குத்திய படைச்சின்னம்

எமது ஹிஜாபில் குத்தும் புரோச் ஒரு சிறு அலங்காரம், அவ்வளவுதான். முதலாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியப் பெண்கள் குத்திக்கொண்ட ஒரு வகைப் புரோச் அப்படியல்ல. என் மகன் போர்முனையில் இருக்கிறான், என் கணவர் இன்ன படையில் இருக்கிறார் என்று அது ஊருக்கே சொன்னது. ஆங்கிலத்தில் அதற்கு 'ஸ்வீட்ஹார்ட் புரோச்' என்று பெயர். படைவீரன் தொப்பியில் அணியும் சின்னத்தைச் சிறிதாக்கிச் செய்த நகை அது. தாய்க்கோ, மனைவிக்கோ, நிச்சயித்த பெண்ணுக்கோ நினைவாகக் கொடுப்பான்.

வசதியுள்ளவன் தங்கத்தில் வாங்கினான். மற்றவர்களுக்கு வெள்ளி, பித்தளை, சிப்பி ஓட்டில் பதித்த சின்னம். சிலர் சீருடைப் பொத்தானிலேயே ஊசியைப் பற்றவைத்துக் கொண்டார்கள். தங்கம் என்றாலும் பெரும்பாலும் 9 கரட். 1000 பங்கில் 375 பங்குதான் பொன். 22 கரட்டில் காப்புச் செய்யும் எமது உம்மாமார் இதைத் தங்கமென்றே ஒப்புக்கொள்ளமாட்டார்கள்!

இந்தக் கதை எமது மலைகளையும் தொடுகிறது. தேயிலை, இறப்பர்த் தோட்டத் துரைமாரைக் கொண்டு 1900இல் அமைக்கப்பட்ட தொண்டர் படை 'இலங்கைத் தோட்டத் துரைமார் ரைபிள் படை'. அதன் தலைமையகம் கண்டியில் இருந்தது. ஐரோப்பியரே அதில் சேர்ந்தனர். தோட்டத் தொழிலாளிக்கு அங்கே இடமில்லை. 1914இல் மேஜர் ஹால் பிரவுன் தலைமையில் 8 அதிகாரிகளும் 229 வீரர்களும் எகிப்துக்குக் கப்பலேறினர். முதலில் சுயஸ் கால்வாய்க் காவல். அடுத்த ஆண்டு துருக்கியின் கலிப்போலி. அங்கே அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளின் தளபதி பேர்ட்வுட்டுக்கு மெய்க்காவலாக நின்றவர்கள் இந்தத் துரைமார்தான். போர் முடியும்போது அந்தப் படையைச் சேர்ந்த 80 பேர் இறந்திருந்தனர், 99 பேர் காயமடைந்திருந்தனர். கொழுந்து நிறுக்கும்போது அதட்டிய துரையும் யாரோ ஒரு தாயின் பிள்ளைதான்.

ஆனால் அந்தக் கடற்கரையில் இன்னும் சிலர் இருந்தார்கள். மேட்டிலிருந்த பதுங்குகுழிகளுக்குத் தண்ணீரும் தோட்டாக்களும் ஏற்றிச் சென்ற கோவேறு கழுதைகளை ஓட்டியவர்கள் இந்தியர்கள். அவர்களிலும் மலைப் பீரங்கிப் படையிலும் பஞ்சாப் முஸ்லிம்கள் பலர். எதிரே நின்ற துருக்கியரும் முஸ்லிம்களே. அந்த ஓட்டிகளின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. இங்கே மலையிலும், கொழுந்து பறித்து நானுஓயாவில் ரயிலேறிய தேயிலைக்கு உழைத்த பெண்களுக்கு யாரும் சின்னம் வார்க்கவில்லை. புரோச் ஒருவருடைய சேவையை மட்டுமே சொல்கிறது. அருகில் நின்றவரை நாம்தான் கேட்டறிய வேண்டும்.

உங்கள் வீட்டிலோ பழைய சாமான் கடையிலோ இப்படி ஒரு ஊசி கிடைத்தால், உருக்கக் கொடுக்குமுன் பூதக்கண்ணாடியால் பின்புறத்தைப் பாருங்கள். நடக்கும் சிங்கம் இருந்தால் 1000இல் 925 பங்கு வெள்ளி. நங்கூரம் பர்மிங்ஹாம் நகர முத்திரை. பக்கத்தில் உள்ள ஓர் எழுத்து ஆண்டைக் காட்டும். முத்திரையே இல்லாதவையும் உண்டு. அப்போது முன்புறத்துக் கிரீடத்தைக் கவனியுங்கள். வளைவு உருண்டையாக இருந்தால் பெரும்பாலும் 1901க்குப் பின், மன்னர்கள் ஆண்ட காலத்தது. நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் எலிசபெத் மகாராணி காலத்தது. அது இந்தப் போர்களைப் பார்த்திராது.