மெட்ராஸ் ஐ இல்லை, அலர்ஜி: ஒரு சொட்டு மருந்தின் கதை

என் அக்கா பையனுக்கு ஒன்பது வயசு. வெயில் காலம் வந்தா ரெண்டு கண்ணும் சிவந்து, நாள் முழுக்கக் கசக்கிக்கொண்டே இருப்பான். தண்டையார்பேட்டையில் இதற்கு ரெடியா ஒரு காரணம் இருக்கிறது: "கன்டெய்னர் லாரி தூசி". அக்கம்பக்கத்தில் "மெட்ராஸ் ஐ" என்றார்கள். மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். மறுநாளே கண் பளிச்சென்று வெளுத்துவிட்டது. அதனால் அரிப்பு வரும்போதெல்லாம் அதே பாட்டில், ஒன்றரை வருஷமாக. கண்ணாடி போடணுமா என்று பார்க்கப் போனபோதுதான் டாக்டர் கண் அழுத்தத்தை அளந்தார். 30. வழக்கமாக 10 முதல் 21க்குள் இருக்க வேண்டியது.

அன்றிலிருந்து நான் படித்ததன் சுருக்கம் இது. நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் ஆள்.

முதலில், இது மெட்ராஸ் ஐயா, அலர்ஜியா? மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோ வைரஸ் வேலை. ஒரு கண்ணில் ஆரம்பித்து அடுத்ததற்குத் தாவும், மணல் விழுந்த மாதிரி உறுத்தும், வீட்டில் மற்றவர்களுக்கும் ஒட்டும், ஓரிரு வாரத்தில் தானே அடங்கும். அலர்ஜியில் பெரும்பாலும் ரெண்டு கண்ணும் சேர்ந்தே அரிக்கும். அரிப்புதான் முக்கிய அடையாளம். நூல் நூலாகப் பீளை, கூடவே தும்மல், மூக்கொழுகல் இருக்கலாம். யாருக்கும் ஒட்டாது. ஆனால் திரும்பத் திரும்ப வரும்.

உள்ளே நடப்பது இதுதான். ஆபத்தில்லாத ஒரு பொருளை உடம்பு எதிரி என்று பதிவு செய்துகொண்டு, அதற்கென ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கிறது. (இதை 1966இல் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் இஷிசாகா தம்பதியர்.) அது கண்ணின் வெண்படலத்தில் உள்ள மாஸ்ட் செல்கள் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பொருள் மறுபடி வந்து பட்டதும் மாஸ்ட் செல் உடைந்து ஹிஸ்டமினைக் கொட்டும். சில நிமிஷத்தில் அரிப்பு, சிவப்பு, வீக்கம். கசக்கினால் அந்த அழுத்தத்திலேயே இன்னும் பல செல்கள் உடையும். கசக்கக் கசக்க அரிப்பு கூடுவது இதனால்தான். வருஷக்கணக்கில் கசக்கினால் கருவிழி மெலிந்து கூம்பாவதும் உண்டு.

அப்போ லாரி தூசி? 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்றது. அந்தக் கரித்தூளோ இன்றைய டீசல் புகையோ கண்ணை உறுத்தும், ஏற்கெனவே இருக்கும் அலர்ஜியைத் தூண்டியும் விடும். ஆனால் அலர்ஜியின் மூலம் பெரும்பாலும் மகரந்தம், பூஞ்சை, வீட்டுத் தூசியில் வாழும் நுண் உண்ணி. இந்த உண்ணிக்கு ஈரப்பதம் பிடிக்கும். கடலோர வீடு, பஞ்சுத் தலையணை என்றால் அதற்குச் சொர்க்கம். நாம் ரோட்டைத் திட்டிக்கொண்டிருக்க, எதிரி தலைமாட்டிலேயே படுத்திருக்கலாம்.

இப்போ அந்த பாட்டில். அதில் இருந்தது ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்த மருந்து. அலர்ஜிக்கு ஆன்டிபயாடிக் தேவையே இல்லை. ஸ்டீராய்டு எல்லா அழற்சியையும் ஒரே அடியாக அமுக்கும், அதனால்தான் உடனே பலன். ஆனால் கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறுகிற சல்லடையை அது மெல்ல அடைக்கிறது. சுமார் மூன்றில் ஒருவருக்குச் சில வாரங்களிலேயே அழுத்தம் ஏறலாம். குழந்தைகளுக்கு இன்னும் வேகமாக. வலி இருக்காது. ஓரப் பார்வைதான் முதலில் போகும், போனது திரும்பாது. இதுதான் ஸ்டீராய்டு கிளாகோமா. கண்புரையும் வரலாம்.

முறையான வழி நிதானமானது. குளிர்ந்த ஈரத்துணி ஒத்தடம். மருந்து சேர்க்காத செயற்கைக் கண்ணீர். உறைகளை வாரம் ஒருமுறை நல்ல வெந்நீரில் அலசுவது. டாக்டர் எழுதித் தரும் ஓலோபடடின், கீட்டோடிஃபென் மாதிரி சொட்டுகள் ஹிஸ்டமினைத் தடுத்து, மாஸ்ட் செல் உடையாமலும் பார்த்துக்கொள்ளும். சிறுவர்களுக்கு வரும் கடுமையான வகைக்கு டாக்டர்களும் ஸ்டீராய்டு தருவார்கள். ஆனால் குறைந்த நாளுக்கு, அழுத்தத்தை அளந்துகொண்டே. பிறகு சைக்ளோஸ்போரின் போன்றவற்றுக்கு மாற்றிவிடுவார்கள்.

வீட்டில் இருக்கும் பாட்டிலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன், ஃபுளுரோமெத்தலோன், லோட்டிபிரெட்னால் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. பல வாரமாகப் போடுகிறீர்கள் என்றால் கண் அழுத்தத்தை அளந்துவிடுங்கள். நம் பக்கத்திலிருந்து எழும்பூர் அரசு கண் மருத்துவமனை தூரமில்லை, 1819இலிருந்து இருக்கிறது. வலி, வெளிச்சம் பார்க்கமுடியாமை, பார்வை மங்கல் இருந்தால் காத்திருக்கவே வேண்டாம்.

டாக்டர் சொன்னபடி மருந்தை மாற்றிய பிறகு பையனுக்குச் சில வாரத்தில் அழுத்தம் இறங்கியது. நரம்பு தப்பித்தது. அரிப்பு இன்னும் வருகிறது. "மாமா, பழைய மருந்துதான் நல்லா இருந்துச்சு" என்கிறான். ஒருநாளில் கண்ணை வெளுக்க வைத்த மருந்தாச்சே, அவனைக் குறை சொல்ல முடியவில்லை.