பழைய கணினி விளையாட்டுகளின் மறுதலைப் பொறியியல்

பழைய கணினி விளையாட்டுகளின் மறுதலைப் பொறியியல் என்பது, மூலநிரல் கிடைக்காத ஒரு விளையாட்டின் இயந்திர மொழி வடிவத்தை ஆராய்ந்து, மனிதர் படித்தறியத்தக்க நிரலை மீட்டுருவாக்கும் முறை ஆகும். இயந்திர மொழியை அசெம்பிளி மொழிக்கு மாற்றுதல் நிரல் பிரிப்பு எனவும், சி போன்ற உயர்நிலை மொழிக்கு மாற்றுதல் தொகுப்பு நீக்கம் எனவும் அழைக்கப்படும்.

தேவை

1980களில் பல விளையாட்டுகள் ஒலிநாடாக்களிலும் நெகிழ்வட்டுகளிலும் இயந்திர மொழியில் மட்டுமே விற்கப்பட்டன. அவற்றுள் பலவற்றின் மூலநிரல் பேணப்படவில்லை. காந்த ஊடகங்களும் காலப்போக்கில் சிதைகின்றன. எமுலேட்டர் மென்பொருள் பழைய விளையாட்டை இயக்கிக் காட்டும். அது எவ்வாறு இயங்குகிறது என்பதை விளக்காது. அவ்விளக்கத்தை மறுதலைப் பொறியியலே தருகிறது.

செயல்முறை

முதலில் எந்த நுண்செயலிக்கு எழுதப்பட்ட நிரல் என்பதை அறிதல் வேண்டும். எடுத்துக்காட்டாக, பதினாறடிமான எண் 78 என்பது இன்டெல் 8085 நுண்செயலியில் பி பதிவகத்தின் மதிப்பை ஏ பதிவகத்தில் இடும் கட்டளை. 6502 நுண்செயலியில் அதே எண் குறுக்கீடுகளைத் தடுக்கும் கட்டளை. அதே எண் படத்தின் ஒரு பகுதியாகவும் இருக்கலாம். ஆகவே நிரல் தாவும் இடங்களைப் பின்தொடர்ந்து கட்டளைகளையும் தரவுகளையும் பிரித்தறிவர். பின்னர் துணைநிரல்களுக்கும் மாறிகளுக்கும் பெயரிடுவர். மீட்ட நிரலை மீண்டும் இயந்திர மொழிக்கு மாற்றும்போது ஒவ்வொரு பைட்டும் மூலத்துடன் பொருந்தினால், எதுவும் விடுபடவில்லை என்பது உறுதியாகும்.

1983இல் பிபிசி மைக்ரோ கணினிக்கு வெளியான ஏவியேட்டர் என்னும் வானூர்தி விளையாட்டின் நிரல் இவ்வாறு மீட்கப்பட்டு விளக்கக் குறிப்புகளுடன் கிடைக்கிறது. 1996இல் வெளிவந்த சூப்பர் மாரியோ 64 விளையாட்டின் நிரல் சி மொழியில் மீட்கப்பட்டு 2019இல் வெளியானது.

இந்தியாவில்

1984-85இல் நடுவண் அரசு தொடங்கிய கிளாஸ் எனும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் பிபிசி மைக்ரோ கணினிகளே வழங்கப்பட்டன. அதன் இந்திய வடிவத்தை மொகாலியைச் சேர்ந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் தயாரித்தது. 32 கிலோபைட்டு நினைவகமும் 6502 நுண்செயலியும் கொண்ட இக்கணினியிலேயே அன்றைய மாணவர் பலர் முதன்முதலில் நிரல் எழுதினர். எனவே அதன் மென்பொருள்கள் இந்தியக் கணினிக் கல்வி வரலாற்றுடனும் தொடர்புடையன.

குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தை உள்ளடக்கிய அண்ணா பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தில் 8085 நுண்செயலி நெடுங்காலம் இடம்பெற்றது. ஆய்வகப் பயிற்சிப் பெட்டியில் கட்டளைகளை எண்களாக மாற்றி உள்ளிட்ட மாணவருக்கு, நிரல் பிரிப்பு அதன் மறுதலையே ஆகும்.

சட்டநிலை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 கணினி நிரலை இலக்கியப் படைப்பாகக் கொள்கிறது. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிப்பதால் 1980களின் விளையாட்டுகள் இன்னும் பொதுவுடைமை ஆகவில்லை. எனினும் 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர் அதன் அடிப்படைக் கருத்துகளை அறிவதற்காக அதன் இயக்கத்தைக் கூர்ந்து நோக்கவும் சோதிக்கவும் 52ஆம் பிரிவு இடமளிக்கிறது. மீட்ட நிரலைப் பிறருக்கு வழங்க உரிமையாளரின் இசைவு தேவைப்படும்.