பருத்தி ஆடைகள் நீண்ட நாள் உழைக்க...

ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம் வட்டாரங்களில் முந்திரி அறுவடையின்போது பழச்சாறு படாத துணியே இராது. கறை போகவில்லை என்று கல்லில் ஓங்கி அடித்துத் துவைப்பதால் துணிதான் நைந்துபோகிறது. நாரின் தன்மையை அறிந்து துவைத்தால் வேட்டியும் சேலையும் கூடுதல் நாள் உழைக்கும்.

நாரின் தன்மை

பருத்தி நார் செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. நனைந்தால் வலுக் கூடும். சோடாவின் காரத்தையும் தாங்கும். ஆனால் அமிலம் அதை அரித்துவிடும். பட்டும் கம்பளியும் புரதத்தால் ஆனவை. இவை நனைந்தால் வலுக் குறையும். காரமும் பிளீச்சிங் பவுடரும் இவற்றைக் கெடுக்கும். எனவே பட்டைப் பூந்திக்கொட்டை நீரில் மெதுவாக அலசி, முறுக்காமல் நிழலில் உலர்த்த வேண்டும்.

முந்திரிக் கறை

முந்திரிப் பழச்சாற்றில் உள்ள துவர்ப்புப் பொருளே (டானின்) கறைக்குக் காரணம். இரும்பு பட்டால் இது கருத்துவிடும். ஆகவே துருப்பிடித்த வாளியில் ஊற வைக்கக் கூடாது. சாறு பட்டவுடன் குளிர்ந்த நீரில் அலசவும். பிறகு எலுமிச்சைச் சாற்றைத் தடவிச் சிறிது நேரம் கழித்து நன்றாக அலசிவிடவும். புளிப்பு தங்கினால் துணி வலுவிழக்கும். கறை நீங்கும் முன் கட்டிச் சோப்புத் தேய்த்தாலும் இஸ்திரி போட்டாலும் கறை ஊன்றிவிடும்.

பூச்சிமருந்து பட்ட உடை

பருத்தித்துணி மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். அதிலிருந்து மருந்து தோல் வழியே உடலுக்குள் செல்லும். தெளிப்பு வேலை முடிந்தவுடன் உடையை மாற்றிக் குளிக்க வேண்டும். அவ்வுடையை வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல், ரப்பர் கையுறை அணிந்து, முதலில் வெறும் நீரில் அலசி, பின் சுடுநீரில் சோப்புத்தூள் கொண்டு இருமுறை துவைத்து வெயிலில் உலர்த்தவும். வாளியையும் கழுவிவிடவும். இந்நீர் கிணற்றிலோ குளத்திலோ வாய்க்காலிலோ சேரக் கூடாது. நீர் கலக்காத மருந்து கொட்டி ஊறிய துணியைத் துவைத்தும் பயனில்லை; அதை மீண்டும் உடுத்தவே வேண்டாம்.

பாதுகாத்தல்

வியர்வைத் துணியைச் சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பிடித்துக் கரும்புள்ளி விழும். அன்றே அலசுவது நல்லது. சாயத்துணிகளை உட்புறம் வெளியே தெரியுமாறு திருப்பி நிழலில் உலர்த்தினால் நிறம் மங்காது. நெடுநாள் பெட்டியில் வைக்கும் துணிக்குக் கஞ்சி போட வேண்டாம். கஞ்சியைத் தின்ன வரும் வெள்ளிப்பூச்சி துணியையும் அரிக்கும். பட்டுச் சேலையை இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பு மாற்றி வைத்தால் மடிப்பில் இற்றுப்போகாது.

இம்முறைகளுக்குச் செலவு சொற்பம். துணி மிச்சமாவதோடு, தெளிப்பு வேலை செய்வோரின் உடல்நலமும் காக்கப்படும்.