குவாரிப் பள்ளத்தில் கோடீசுவரர்களின் கோபம்

பந்தடிக்க வந்தவர்கள் காய்கறிச் சந்தையில் நிற்பவர்களைப் போலப் பேசினார்கள். புரோக்கோலியின் மேல் பந்தை உருட்டுவது போலிருக்கிறது என்றார் ஸ்வீடன் நாட்டு ஹென்ரிக் ஸ்டென்சன். புரோக்கோலி பச்சையாக அல்லவா இருக்கும், இது காலிபிளவர் என்று திருத்தினார் வட அயர்லாந்தின் ரோரி மெக்கில்ராய். அவர்கள் குறை சொன்ன ஆடுகளத்தின் பெயர் சேம்பர்ஸ் பே. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், டகோமா நகரை அடுத்து, கடற்கழி ஓரத்தில் இருக்கிறது. 2015 ஜூன் மாதம் அங்கே அமெரிக்க ஓப்பன் கோல்ப் பந்தயம் நடந்தபோது கிளம்பியது இந்தக் காய்கறிப் பேச்சு.

கோல்ப் ஆட்டத்துக்கும் நமக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு என்று தோழர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். சீமான்கள் வேலி போட்டு, வாயிலில் காவற்காரரை நிறுத்தி, உள்ளே ஆடிக் களிக்கும் ஆட்டம் என்றுதான் அதை நாம் அறிவோம். ஆனால் சேம்பர்ஸ் பே எந்தச் சீமானுக்கும் சொந்தமல்ல. பியர்ஸ் கவுண்டி என்னும் உள்ளாட்சிக்குச் சொந்தம். நம் பழைய கணக்கில் ஜில்லா போர்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி கட்டும் மக்களின் நிலம் அது. அந்த நிலத்தில் வந்து ஆடியவர்கள் சொன்ன குறைகளில் எது நியாயம், எது செல்லப்பிள்ளையின் சிணுங்கல் என்று பிரித்துப் பார்க்க நமக்கு உரிமை உண்டு.

முதலில் அந்த மண்ணின் கதை. ஏறத்தாழ நூறாண்டுக் காலம் அங்கே மணலும் சரளைக் கல்லும் வெட்டினார்கள். அந்த வட்டாரத்துச் சாலைகளிலும் கட்டடங்களிலும் அந்தக் கல் கிடக்கிறது. வெட்டி வெட்டிக் குன்று பள்ளமாயிற்று. பள்ளத்தில் மிஞ்சியது சாம்பல் நிற மணல் மேடுகள்தான். 1992-ல் அந்த இடத்தை, 900 ஏக்கருக்கு மேல், 3 கோடியே 30 லட்சம் டாலர் கொடுத்துக் கவுண்டி வாங்கிற்று. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் அங்கேதான் உண்டு. பின்னாளில் கவுண்டி நிர்வாகத் தலைவராக வந்த ஜான் லேடன்பர்க், ஒரு பகுதியில் கோல்ப் களம் அமைக்கலாம், ஊருக்குப் பேரும் வரும், வருமானமும் வரும் என்றார். கடன் வாங்கித்தான் கட்டவேண்டும். செலவு 2 கோடி டாலருக்கு மேல். ஜில்லா போர்டுக்கு இது வேண்டாத வேலை என்று அங்கேயும் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வருமானம் நினைத்தபடி வராமல் கடனைக் கட்டுவதில் முதல் ஆண்டுகள் இழுபறியாகத்தான் இருந்தன.

களத்தை வகுத்தவர் ராபர்ட் டிரெண்ட் ஜோன்ஸ் இளையவர். குவாரி மணலை அங்கேயே சலித்து, அதையே தரையாகப் பரப்பினார். ஸ்காட்லாந்துக் கடற்கரை மணல்மேடுகளில் பிறந்த ஆட்டம் இது. அந்தச் சாயலிலேயே மேடும் பள்ளமுமாகச் செய்தார். களம் முழுவதற்கும் மரம் ஒன்றே ஒன்று, பதினைந்தாம் குழிக்குப் பின்னால் நிற்கும் ஒற்றை ஊசியிலை மரம். 2008-ல் எவனோ ஒரு புண்ணியவான் இரவோடிரவாக அதைக் கோடரியால் வெட்டப் பார்த்தான். கட்டுப்போட்டுப் பிழைக்க வைத்தார்கள். பதினெட்டாம் குழியருகே சரளையைத் தரம் பிரித்துக் கொட்டிவைத்த சிமெண்டுத் தொட்டிகளின் சுவர்கள் உயரமாக நிற்கின்றன. அழகு கெடும் என்று இடித்துத் தள்ளாமல் விட்டார்களே, அதற்காகவே அவரைப் பாராட்டலாம்.

2007 ஜூனில் களம் திறந்தது. அன்று ஆடிப் பார்த்தவர்கள் வியந்தார்கள். கூடவே மூச்சும் வாங்கினார்கள். பசுமையான பூங்காவையே கோல்ப் என்று எண்ணி வளர்ந்தவர்களுக்கு அந்தப் பழுப்புப் புல்லே புதுமை. விழுந்த இடத்தில் பந்து நிற்காமல் ஓடிற்று. எங்கே அடிப்பது என்பதைவிட, அடித்தது எங்கே உருளும் என்று கணக்குப் போட வேண்டியிருந்தது. போதாததற்கு, ஏற வேண்டிய மேடோ கொஞ்சநஞ்சமல்ல. மற்றக் களங்களில் உட்கார்ந்து போக மோட்டார் வண்டி உண்டு. இங்கே உடல் நலிந்தவர்களைத் தவிர யாருக்கும் வண்டி கிடையாது. காரணம் கண்டிப்பு அல்ல, புல். பெஸ்க்யூ என்னும் அந்தப் புல் மெல்ல வளரும், கொஞ்சத் தண்ணீரும் கொஞ்ச உரமும் போதும், ஆனால் சக்கரத்தின் நசுக்கலைத் தாங்காது. ஆகவே பணக்காரனும் நடந்தான்!

நடந்தவனுடைய மட்டைப் பையைத் தோளில் சுமந்துவர ஆள் வேண்டும் அல்லவா? அந்தத் தொழிலாளிக்குக் கேடி என்று பெயர். நம் ஊரில் போலீஸ் பட்டியலில் உள்ளவனைத்தான் கேடி என்போம். அங்கே அது நாணயமான பிழைப்பு. சுமப்பது மட்டுமல்ல வேலை. தரை எந்தப் பக்கம் சாய்கிறது, காற்று எங்கிருந்து வீசுகிறது என்று சொல்லிக் கொடுப்பதும் அவர்தான். பக்கத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த மைக்கேல் கிரெல்லர், கோடை விடுமுறையில் சேம்பர்ஸ் பேயில் பை சுமந்தார். பிறகு அங்கேயே திருமணமும் செய்துகொண்டார். அவரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

திறந்து எட்டு மாதம்கூட ஆகாத களத்துக்கு, 2015-ம் ஆண்டின் ஓப்பன் பந்தயத்தை ஒதுக்கினார்கள். அமெரிக்காவின் வடமேற்கு மூலைக்கு அந்தப் பந்தயம் வந்தது அதுவே முதல் தடவை. பரிசுத் தொகை மொத்தம் 1 கோடி டாலர். அதை வாங்க வந்தவர்கள்தான் புரோக்கோலி என்றும் காலிபிளவர் என்றும் பேசினார்கள். தென்னாப்பிரிக்கப் பழம்பெரும் வீரர் கேரி பிளேயர் இன்னும் ஒருபடி மேலே போனார். இந்தக் களத்தை வகுத்தவருக்கு ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாக இருந்திருக்கும் என்று தொலைக்காட்சியில் சாடினார்.

இதில் நியாயம் உண்டா? உண்டு. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தளத்துக்கு கிரீன் என்று பெயர். அங்கே பந்து நூல் பிடித்தாற்போல் உருள வேண்டும். அந்தப் பெஸ்க்யூவுக்குள் போவா அனுவா என்னும் வேறொரு புல், அழையாத விருந்தாளியாக, களையாக நுழைந்துவிட்டது. ஒன்று மெல்ல வளரும். மற்றொன்று வேகமாக வளர்ந்து கதிரும் தள்ளும். காலையில் ஒரே மட்டமாக வெட்டினாலும் மாலைக்குள் மேடு தட்டிவிடும். ஒரு தளத்தில் இரண்டு புல், இரண்டு வேகம்! பந்து துள்ளாமல் என்ன செய்யும்? வீரர்கள் பொய் சொல்லவில்லை.

பார்க்க வந்த மக்களின் குறை அதைவிடப் பெரிது. அதைத்தான் ஏடுகள் குறைவாக எழுதின. மணல்மேடுகள் செங்குத்து, புல் வழுக்கல். எட்டாம் குழிப் பக்கம் மக்களை விடவே இல்லை. பல இடங்களில் ஆட்டம் தொலைவில் எறும்பு ஊர்வது போலத்தான் தெரிந்தது. பயிற்சி நாளில் ஒரு கேடி சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். தன் வரிப்பணத்தில் எழுந்த களத்தில், சீட்டும் வாங்கி உள்ளே போனவர் பந்தைக் காணாமல் திரும்பினால், வகுத்தவரும் நடத்தியவரும் பதில் சொல்ல வேண்டாமா?

சிணுங்கலும் இருந்தது, மறைப்பானேன்! தரை பழுப்பாக இருக்கிறதாம், பந்து எதிர்பாராத பக்கம் ஓடுகிறதாம். எல்லாருக்கும் ஒரே தரை, ஒரே காற்று. இந்தச் சிணுங்கல் புதிதும் அல்ல. இந்த ஜோன்ஸின் தந்தையும் களம் வகுப்பவர்தான். அவர் மினசோட்டா மாநிலத்தில் வகுத்த ஹேசல்டைன் என்னும் களத்தில் 1970-ல் இதே ஓப்பன் நடந்தது. அதுவும் அன்று புதுக் களம். இந்த இடத்துக்குக் குறைவது 80 ஏக்கர் சோளமும் சில பசு மாடுகளும்தான் என்றார் டேவ் ஹில் என்ற வீரர். அப்படிச் சொன்னதற்கு 150 டாலர் அபராதம் கட்டினார்; அந்தப் பந்தயத்தில் இரண்டாவதாகவும் வந்தார்! பிறகு களத்தைத் திருத்தினார்கள். 1991-ல் ஓப்பன் மறுபடி அங்கே போயிற்று. வாய்க்கு அபராதம் போட்டவர்கள் அந்த வாய் சொன்னதில் பாதியைக் கேட்டுக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இனிக் கணக்கு வாத்தியார். 2011-ல் ஜோர்டன் ஸ்பீத் என்ற டெக்சாஸ் சிறுவனுக்கு, பக்கத்து ஊரில் நடந்த இளையோர் பந்தயத்தில் கிரெல்லர் பை சுமந்தார். பையன் வென்றான். 2012 கடைசியில் பள்ளி வேலையை விட்டு அவனோடு போனார். 2015-ல் ஸ்பீத்துக்கு வயது 21. மற்ற வீரர்கள் மேட்டையும் பள்ளத்தையும் புதிதாய்ப் பார்த்துத் திகைத்தபோது, ஒவ்வொரு சரிவையும் காலால் நடந்து அறிந்த ஒருவர் அவர் பக்கத்தில் இருந்தார்.

அதற்காக ஸ்பீத் கோபப்படாமல் இருந்தாரா? இல்லை. வெள்ளிக்கிழமை பதினெட்டாம் குழியை நான்கு அடியில் முடிக்க வேண்டும் என்று கணக்கு வைத்தார்கள். அவருக்கு ஆறு ஆயிற்று. வாழ்நாளில் இவ்வளவு மடத்தனமான குழியை ஆடியதில்லை என்று அவர் பொருமியதை ஒலிவாங்கி ஊருக்கெல்லாம் கேட்க வைத்தது. ஞாயிற்றுக்கிழமை அதே குழிக்குக் கணக்கு ஐந்து அடி. அவர் நான்கில் முடித்தார். பின்னால் வந்த டஸ்டின் ஜான்சன் 12 அடித் தூரத்திலிருந்து ஒரே தட்டில் போட்டிருந்தால் வெற்றி அவருக்கு. இரண்டு தட்டில் போட்டிருந்தாலும் சமன். மூன்று தட்டு எடுத்தார். 275 அடிகளில் ஸ்பீத் வென்றார், ஒரே ஓர் அடி வித்தியாசத்தில்.

பந்தயம் முடிந்து கோடீசுவரர்கள் விமானம் ஏறினார்கள். களம் கவுண்டிக்காரர் கையில் நின்றது. வெளியூரார் கொடுப்பதைவிட அவர்களுக்குக் கட்டணம் குறைவு. ஆனால் அந்தக் குறைந்த கட்டணமும் தினக்கூலிக்காரர் நினைத்தபோது எடுத்து நீட்டக்கூடிய தொகை அல்ல. பொதுச் சொத்து என்று பெயர் வைத்தவர்கள் இதற்கு இன்னும் முழு விடை சொல்லவில்லை.

புல்லுக்கு மட்டும் விடை கிடைத்தது. 2018 இலையுதிர் காலத்தில் களத்தை மூடி, கிரீன்களில் இருந்த பெஸ்க்யூவை எடுத்துவிட்டு, எந்தப் புல்லைக் களை என்று திட்டினார்களோ அந்தப் போவா அனுவாவையே பரப்பினார்கள். 2019 வசந்தத்தில் மறுபடி திறந்தார்கள். ஒரே புல், ஒரே வேகம்; பந்து நேராக உருளலாயிற்று. மோட்டார் வண்டி வரவில்லை. மற்றத் தரையில் பெஸ்க்யூ இருக்கிறதே!

களத்தை ஒட்டி ஏறி இறங்கும் பொது நடைபாதை ஒன்று உண்டு. அதற்குக் கட்டணம் கிடையாது. கீழே ரயில் பாதை, அதற்கப்பால் கடல். நடந்து போகிறவர் எவரும் அந்தச் சிமெண்டுத் தொட்டிச் சுவர்களை நின்று பார்க்கலாம்.