பெர்மிட்டும் பிழைப்பும்

கடல் கடந்து சென்று உழைக்கும் தமிழ்த் தொழிலாளியின் வாழ்வு இன்று ஒரு சிறு சீட்டில் அடங்கிக் கிடக்கிறது. சிங்கப்பூரில் அதற்கு ‘வொர்க் பெர்மிட்’ என்று பெயர். கட்டிட வேலையிலும் கப்பல் பட்டறைகளிலும் பாடுபடும் நம்மவர்களுக்கு அது வழக்கமாக இரண்டு வருஷங்களுக்குமேல் வழங்கப்படுவதில்லை. கெடு முடிவதற்குள் அதைப் புதுப்பித்தாக வேண்டும். இல்லையேல் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும். அவ்வாறு புதுப்பிக்கும்படி சர்க்காருக்கு விண்ணப்பம் செய்துகொள்ளும் அதிகாரமோ தொழிலாளிக்கு இல்லை, முதலாளிக்கே உண்டு. இவ்விஷயத்தில் விளையும் கேடுகள் பலவற்றிற்கும் இதுவே மூலம் என்பது நமது அபிப்பிராயம்.

அந்நியர் தம் எல்லைக்குள் எவ்வளவு காலம் தங்கலாமென்று விதிக்க எந்தத் தேசத்திற்கும் உரிமையுண்டு. அதை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. முதலாளிகளுக்கும் பொறுப்புகள் உண்டென்பதை ஒப்புக்கொள்கிறோம். மலேசியர் அல்லாத ஒவ்வொரு பெர்மிட் தொழிலாளிக்காகவும் முதலாளி 5,000 வெள்ளிக்கு ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுக்கவேண்டும். மாதந்தோறும் ‘லெவி’ என்னும் வரியும் செலுத்தவேண்டும். இவற்றைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாகாதென்று சட்டம் திட்டமாய்க் கூறுகிறது. எனினும், பணம் கட்டியவன் ஆளுக்கே உடையவன் என்ற நினைப்பு சில முதலாளிகளின் மனத்தில் புகுந்துவிடுகிறது.

கெடு நெருங்கும் சமயத்தில் நடப்பதைக் கவனியுங்கள். “உன் பெர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டுமானால் இவ்வளவு கொடு” என்று மேஸ்திரி மூலமாகவோ ஏஜெண்டு மூலமாகவோ சொல்லியனுப்பப்படுகிறது. ரசீது கிடையாது. தஞ்சையிலோ, புதுக்கோட்டையிலோ, ராமநாதபுரத்திலோ நிலத்தை ஈடு வைத்தும் மனைவியின் நகையை விற்றும் புறப்பட்டவன் அவன். முதல் கடனே அடைபடாதிருக்கும்போது வெறுங்கையுடன் திரும்ப அவனுக்கு மனம் வருமா? மறுபடியும் கடன் வாங்கிக் கொடுத்துவிடுகிறான். கொடுக்கும் பணத்தைவிடப் பெரிய நஷ்டம் வேறொன்று உண்டு. சாரத்திலிருந்து விழுந்து கை முறிந்தாலும், இரண்டு மாதச் சம்பளம் பாக்கி நின்றாலும், அடுத்த கெடுவை நினைத்து அவன் வாய் திறப்பதில்லை. நியாயம் கேட்கும் துணிவையே பெர்மிட்டின் கெடு பறித்துவிடுகிறது.

தமிழருக்கு இவ்வநுபவம் புதிதன்று. 1895-ஆம் வருஷத்தில் நேட்டால் சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. அதன்படி, ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்த இந்தியத் தொழிலாளி மறுபடியும் ஒப்பந்தத்தில் கட்டுப்பட வேண்டும். அல்லது தாய்நாடு திரும்ப வேண்டும். இரண்டுமில்லையேல் வருஷத்திற்கு 3 பவுன் தலைவரி கொடுக்கவேண்டும். ஒப்பந்தக்காரனுக்கு முதல் வருஷத்தில் கிடைத்த கூலி மாதம் 10 ஷில்லிங். ஆகவே அவ்வரி ஆறு மாதக் கூலிக்குச் சமம். தங்குவதற்கு விலை வைத்த அச்சட்டத்தை எதிர்த்தே 1913-ல் காந்தியடிகளின் தலைமையில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலையை நிறுத்தி நடந்தனர். சிறை சென்று நோயுற்று வந்த தமிழ்ப் பெண் வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22-ந் தேதி உயிர் நீத்தாள். அவ்வருஷமே வரி ஒழிந்தது. அன்று விலை வைத்தது சட்டம். அதை வெளிப்படையாக எதிர்க்க முடிந்தது. இன்று சிங்கப்பூரில் சட்டம் தொழிலாளியின் பக்கம் நிற்கிறது. விலை கேட்பது இரகசியக் கை. இந்த வித்தியாசத்தை நம் தொழிலாளர் அறிந்துகொள்வது அவசியம்.

அங்குள்ள சட்டத்தின்படி, வேலை கொடுப்பதற்கோ, வேலையில் தொடர்ந்து வைத்திருப்பதற்கோ தொழிலாளியிடம் பணம் வாங்கும் முதலாளி குற்றவாளி. அவருக்கு 30,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டு வருஷம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். கட்டிடத் தொழிலாளி, கெடு முடிய 40 நாள் முதல் 21 நாள் வரையுள்ள இடைவெளியில், பழைய முதலாளியின் சம்மதமின்றியே புதிய முதலாளியிடம் மாறலாம். இந்தச் சிறு அவகாசத்தை அறியாமல் கோட்டை விடுவோர் பலர். காயத்திற்கு நஷ்டஈடு கேட்பது, பெர்மிட் ரத்தானதனால் அற்றுப்போகும் உரிமையன்று. ஆனால் கெடு தாண்டி ஒளிந்து தங்குவது பெரும் பிழை. 90 நாளுக்கு மேற்பட்டால் சிறையோடு பிரம்படியும் கிடைக்கும்.

2025 ஜூலை 1-ந் தேதி முதல், ஒருவர் மொத்தம் இத்தனை வருஷந்தான் பெர்மிட்டில் வேலை செய்யலாமென்றிருந்த வரம்பைச் சிங்கப்பூர் சர்க்கார் நீக்கிவிட்டது. வயது வரம்பையும் 60-லிருந்து 63-ஆக உயர்த்தியது. இதை வரவேற்கிறோம். ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். இருபது வயதில் செல்லும் வாலிபன் அறுபத்து மூன்று வரை உழைப்பானாகில், இருபது தடவைக்கு மேல் அதே வாயிலில் கைகட்டி நிற்கவேண்டும். ஆயுள் முழுவதும் தற்காலிகம் என்பது எவ்வகை நீதி? பல்லாண்டு ஒழுங்காக உழைத்தவன் தன் பெர்மிட்டுக்குத் தானே விண்ணப்பம் செய்துகொள்ளவும், இஷ்டம்போல் முதலாளியை மாற்றிக்கொள்ளவும் இடமளிப்பதே முறை.

நமது சர்க்காருக்கும் கடமை உண்டு. 1983-ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டத்தின் கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வேலைக்குச் செல்ல முன்அனுமதி பெறவேண்டிய நாடுகளின் பட்டியல் ஒன்று வகுக்கப்பட்டது. மலேசியாவும் வளைகுடா நாடுகளும் இடம் பெற்ற அதில் சிங்கப்பூர் சேர்க்கப்படவில்லை. ஆதலால் அங்கே போகிறவனுடைய ஒப்பந்தத்தை இங்கே பரிசோதிக்க எவருமில்லை. ஏஜெண்டின் வாய்ச்சொல்லே அவனுக்கு வேதமாகிறது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. ஆகையால் உரிமைகளைத் தமிழில் அறிவிப்பதற்கு மொழி ஒரு தடையே அன்று. சென்னை சர்க்கார், புறப்படுமுன்பே அவ்வுரிமைகளை அச்சிட்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தனுப்ப வேண்டும்.

தொழிலாளர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இது: பாஸ்போர்ட்டின் கெடுவுக்கு அப்பால் பெர்மிட் நீளாது, ஆகவே அதை முன்னதாகவே புதுப்பித்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். எவரேனும் பணம் கேட்டால் நாளையும் தொகையையும் கேட்டவர் பெயரையும் குறித்து வையுங்கள். தனியாக அஞ்சுகிறவர்கள் நால்வராகச் சேர்ந்து மனிதவள அமைச்சிடம் முறையிடுங்கள். நீங்கள் கேட்பது பிச்சையன்று. சட்டம் உங்களுக்குக் கொடுத்திருப்பதையே கேட்கிறீர்கள்.